ஒரு மைல் ஓடினால் போதும்

மறுபடியும் இறுகிவிட்டது. இரண்டு போல்ட்டையும் முறுக்கி முடிக்கிற வரைக்கும் சாது மாதிரி இருந்துவிட்டு, சுழற்றிப் பார்க்கலாம் என்று கிராங்கில், இன்ஜினின் சுழல்தண்டில், கை வைத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது சனியன். நாலு பிஸ்டன், நாலு ராடு. ஒவ்வொரு ராடின் காலையும் கிராங்கோடு சேர்த்துப் பூட்ட ஓர் அரைவட்ட இரும்பு மூடி. மெக்கானிக்குகள் அதைக் கேப் என்பார்கள், நான் மெக்கானிக் இல்லை, எனக்கு அது மூடிதான். ஒன்றாவதைப் பூட்டினேன், சுழன்றது. இரண்டாவது, சுழன்றது. நாலாவது, சுழன்றது. மூன்றாவதைப் பூட்டினால் மட்டும் மொத்த இன்ஜினும் செத்த மாடாக விறைத்துக்கொள்கிறது. மயிலே மயிலே என்றால் இறகு போடாது என்று ரெஞ்சின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி மிதித்தேன். கிராங்க் ஒரு விரற்கடை நகர்ந்து சத்தம் போட்டது. அது காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. எலும்பு அரைபடுகிற சத்தத்தை நான் கேட்டதில்லை. பெரியண்ணன் கேட்டிருக்கிறான், ஆற்றுப்பாலத்து டீக்கடை பெரியண்ணன், அன்றைக்கு விடியற்காலையில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டு நின்றவன். முறுக்கு நொறுங்குகிற மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னான். என்னிடம் மட்டும் சொன்னான், கோர்ட்டில் சொல்லவில்லை. நிறுத்து. அங்கே போகாதே. மூடியைப் பார். போல்ட்டைக் கழற்று. தலை மேல் தகரம் கொதிக்கிறது, மத்தியானச் சோறு நெஞ்சிலேயே நிற்கிறது, கண்ணில் வியர்வை விழுந்து மூன்றாவது ராடு இரண்டாகத் தெரிகிறது. ரிட்டயர் ஆன போஸ்ட் மாஸ்டருக்கு இது தேவையா என்று தெருவில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

இன்ஜினைக் கவிழ்த்து வைக்க ஸ்டாண்டு ஒன்று வேண்டும் என்று போனில் பார்த்த வீடியோவில் அந்த ஆள் சொன்னான். அவனுக்கு என்ன, சொல்வான். எனக்குக் கிடைத்தது ஒரு பழைய லாரி டயர். ஆற்றுச் சாலை ஓரத்தில் கிடந்ததை உருட்டிக்கொண்டு வந்து படுக்கப்போட்டு அதன் மேல் இன்ஜினைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அசையாமல் தாங்குகிறது. கை தவறும்போதெல்லாம் விரல் டயரின் பள்ளத்தில் போய் விழுகிறது. வளைந்து வளைந்து போகிற பள்ளம், நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் கட்டம் கட்டமாக. என் மகன் வேலுவின் வெள்ளைச் சட்டை மேல் அச்சு அசலாக இந்தக் கோலம்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டையைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள், பிரித்துப் பார்த்தேன், ஏன் பார்த்தேன், மார்பில் ஒரு கோலம், அதன் மேலேயே கொஞ்சம் விலகி இன்னொரு கோலம். ஒரு தடவை ஏறினால் ஒரு கோலம்தானே வரும். நான் படித்தவன், மணியார்டர் தொகையில் ஒரு பூஜ்யம் கூடினால் கண்டுபிடிக்கிறவன், எனக்கா தெரியாது. ஏறி, நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏறியிருக்கிறான். பெரியண்ணனும் அப்படித்தான் போலீசிடம் முதலில் சொன்னான். அப்புறம் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, இருட்டா இருந்துச்சுங்க, ஒரு தடவைதாங்க என்றான். அந்த நிமிஷம் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. வேலு, முழுப்பெயர் செவ்வேள், ஆற்றில் மணல் அள்ளுகிற லாரிகளை மறித்தவன். மனு எழுதி என் கவுண்டருக்கே கொண்டுவந்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவான், நான் முத்திரை குத்திக் கொடுப்பேன், மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே ரசீதும் கொடுப்பேன். மனுவால் ஒன்றும் ஆகவில்லை என்றதும் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்றான். லாரி நிற்கவில்லை. விரலை எடு அந்தப் பள்ளத்திலிருந்து. எடுத்துத் துடைத்துக்கொள்.

விபத்து. கோர்ட்டு அதற்கு வைத்த பெயர் அதுதான். ஓட்டினவன் யாரோ வெளியூர்ப் பையன், கவனக்குறைவாம், அவனுக்குக் கொஞ்ச நாள் ஜெயில். லாரிக்காரன், லாரியின் சொந்தக்காரன், ஏறு என்று சொன்னவன், அவன் பெயர் கேஸிலேயே இல்லை. ராஜரத்தினம். இந்தப் பெயரைச் சொன்னால் எனக்கு வாயில் இரும்பு ருசி வருகிறது. தீர்ப்பு வாசித்த அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது. வெளிச்சம் என்று சொல்லலாமா, சொல்லலாம், எல்லாம் ஒரே வீச்சில் தெளிவாகத் தெரிந்தது. ஓ, வண்டியை ஏற்றினால் அது விபத்தா, சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ராஜரத்தினம் தினமும் விடிகிற நேரத்தில் வாய்க்கால் ரோட்டில் நடக்கிறான். தலையில் துண்டு, கையில் வேப்பங்குச்சி. சர்க்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அந்த உடம்பை அத்தனை பத்திரமாக வைத்திருக்கிறான். மார்கழியில் வாய்க்கால் ரோட்டில் பனி இறங்கினால் கை நீட்டினால் கை தெரியாது. என் ஷெட்டிலிருந்து அவன் நடக்கிற வாய்க்கால் மதகு வரைக்கும் ஒரு மைல் இருக்கும். ஒரு மைல் ஓடினால் போதும். ஏறி, நின்று, பின்னால் வந்து, மறுபடி ஏறி, வீட்டுக்கு வந்து, இன்ஜினை இறக்கி மறுபடி இந்த டயர் மேலேயே கவிழ்த்து வைத்துவிடலாம். ஊருக்கே தெரியும், போஸ்ட் மாஸ்டர் வீட்டுக் கார் ஓடாத கார். வேலு அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி இன்ஜினைப் பிரித்துப் போட்டான், சேர்க்கிறதுக்குள் செத்துப்போனான். ஓடாத வண்டி எப்படி ஆள் மேல் ஏறும். பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக்கூடாது. அதற்காகத்தான் ஒரு மெக்கானிக்கையும் கூப்பிடாமல், யாரிடமும் யோசனை கேட்காமல், வால்வு என்றால் என்ன என்றே தெரியாத நான் ரிட்டயர் ஆன கையோடு இந்தத் தகரக் கொட்டகைக்குள் குனிந்தேன். வக்கீல் மதுரை ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்றார், அப்பீல் போடலாம், பெரியண்ணனை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். பாக்கியம் போகலாம் என்றாள். என் மனைவி தனபாக்கியம், எதற்கும் போகலாம் என்று சொல்லாதவள், அதற்குச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். மதுரை ரொம்பத் தூரம் என்றேன்.

இரண்டு போல்ட்டையும் கழற்றியாயிற்று. மூடியைத் தட்டி எடுத்தேன். உள்பக்கம் ஓரமாக ஒரு பளபளப்பு, அங்கேதான் கடிக்கிறது. இது முதல் தடவை இல்லை, எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். போன வாரம் கோயில் வாசலில் ராஜரத்தினம் என்னைப் பார்த்து நின்றான். நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டான். என்ன சார், தம்பி வண்டி எந்த மட்டுல இருக்கு, நம்ம லாரி மெக்கானிக்கை வேணா அனுப்பட்டுங்களா, ஒரே நாள்ல முடிச்சிருவான் என்றான். இல்லைங்க, அது ஓடாதுங்க, சும்மா பொழுதுபோக்குங்க என்றேன். என் வாயிலிருந்து அத்தனை ங்க வந்தது. அவன் கழுத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, அதன் கீழே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது, கட்டைவிரலை வைத்து அழுத்தினால் எத்தனை நேரம் ஆகும், என் கட்டைவிரலில் வலு உண்டு, வாழ்நாள் பூராவும் முத்திரைக் கட்டையைப் பிடித்த விரல். வேலுவை எடுத்த அன்றைக்கும் வந்தான். ரோஜா மாலையோடு வந்து பிணத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கினான், நம்ம புள்ளைங்க சார், நம்ம புள்ளை என்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவன் கை சூடாக, ஈரமாக இருந்தது. நான் உருவிக்கொள்ளவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததா, பயமா, பழக்கமா, தெரியவில்லை, பிடித்துக்கொள்ள விட்டேன். அந்தக் கையைத்தான் இப்போது பெட்ரோலில் முக்கித் தேய்க்கிறேன், தோல் உரிகிற வரைக்கும் தேய்க்கிறேன், கிரீஸ் போகிறது.

சத்தியமாக ஒரு மைலுக்குத்தான் ஆரம்பித்தேன். திருச்சியில் பழைய பார்ட்ஸ் கடை ஜபருல்லா பாயிடம் தேய்ந்த பிஸ்டன் ரிங்கே போதும் என்றேன். இது ரொம்ப நாள் தாங்காதே சார், புகை விடுமே என்றார். விட்டால் விடட்டும் பாய், ரொம்ப நாள் தேவையில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நோயாளி என்று நினைத்தாரோ என்னவோ. அந்த ரிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்டனில் மாட்டினேன், ஒன்றை மாட்டும்போதே உடைத்தேன், தொடக்கக்காரன், உடைக்கத்தானே செய்வேன். மறுபடி போனபோது என் வாய் என்னைக் கேட்காமல் புது ரிங் கேட்டது. பேரிங்கும் புதுசு கேட்டது. அதற்காகப் பாக்கியத்திடம் பொய் சொல்லி, டீயை விட்டு, பேப்பரை நிறுத்தி. எதற்கு. ஒரு மைலுக்கு எதற்குப் புது ரிங். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்க ரிங்குகளை நெருக்கிப் பிடிக்கிற கருவி ஒன்று உண்டு, அதற்குப் பதில் பிஸ்கட் டின்னை வெட்டிச் சுற்றி, சைக்கிள் கிளிப்பால் இறுக்கி, மரக்கட்டையால் தட்டினேன். கீறல் விழக்கூடாதே, கீறல் விழக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன். நாலும் இறங்கின. அன்றைக்கு நான் விசில் அடித்தேன் என்று நினைக்கிறேன். என் மகனைக் கொன்றவனைக் கொல்லச் செய்கிற வண்டியில் கீறல் விழக்கூடாது என்று கவலைப்பட்டு, விழவில்லை என்று விசில் அடித்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். கிராங்கை வேலு எமரித் தாளும் நூலும் வைத்துத் தானே பளபளப்பாகத் தேய்த்தவன், வாசல்படியில் உட்கார்ந்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே, நாள் கணக்காக. முகம் தெரியும் அதில். இப்போது குனிந்தால் என் முகம் தெரிகிறது, நீளமாக, நசுங்கி, மூக்கு ஒரு பக்கமாகப் போய்.

ஆத்திரம் தாங்கவில்லை. சுத்தியலை எடுத்து மூடியின் தலையில் போட்டேன், இன்னொன்று போட்டேன். தட், தட். மை அட்டையில் ஒன்று, கவரில் ஒன்று. அந்தத் தாளம் என் தோளில் ஊறிக் கிடக்கிறது. ராஜரத்தினத்தின் முன் மண்டை, தட். பின் மண்டை, தட். வாய், தட், அந்தத் தங்கப் பல், தட், எழுந்திருக்காதே நாயே, தட். அஞ்சாவதோ ஆறாவதோ என் கட்டைவிரல் மேல் விழுந்தது. நகம் பிளந்து ரத்தம் ஆயிலில் சொட்டியது. ஆயிலில் ரத்தம் கலக்கவில்லை, தனியாக உருண்டு ஓடியது. வலி கொஞ்சம் கழித்துத்தான் வந்தது, தோள் வரைக்கும் ஏறியது, உட்கார்ந்துவிட்டேன். இந்த வலிக்கு நான் கத்தினேனா. கத்தியிருப்பேன், வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வரவில்லை. நான் பயப்படுவது போலீசுக்கு இல்லை, தூக்குக் கயிற்றுக்கும் இல்லை. எனக்குப் பயம் என் வலது காலுக்கு. வேலு எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தான், சிநேகிதன் ஒருத்தன் காரைக் கேட்டு வாங்கி, தேர்முட்டிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில். ஒரு கோழி குறுக்கே ஓடியது. நான் மிதித்த மிதியில் வேலுவின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, கோழிக்கே இந்தப் பிரேக்காப்பா என்று சிரித்தான். அந்தக் கால்தானே இது. பனியில் ஒரு துண்டு கட்டிய தலை தெரியும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன், அந்தக் கால் என்னைக் கேட்காமல் எழும்பிப் பக்கத்துப் பெடலுக்குப் போய்விடும், வண்டி அவன் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும், அவன் திரும்பிப் பார்த்து, அட சார் நீங்களா, வண்டி ஓடுதே என்பான். இதைத் தினமும் கனவில் பார்க்கிறேன். கனவில் ஒரு நாள்கூட அவன் சாகவில்லை.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி யோசித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ரத்தம் கொஞ்சம் போனதும் புத்தி வந்தது. மூடியும் ராடும் தொழிற்சாலையில் ஒன்றாக வைத்துத் துளைபோடப்பட்டவை. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது, சேர்ந்தாலும் சுழல விடாது. அதற்காகத்தான் வேலு ஒவ்வொரு ராடிலும் அதன் மூடியிலும் மஞ்சள் பெயிண்டில் புள்ளி வைத்திருந்தான், முதலாவதுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு, அப்படி. முட்டை அட்டையில் வரிசையாக அடுக்கியிருந்தான். அவன் காரியத்துக்கு முந்தின நாள் வீடு சுத்தம் பண்ணினார்கள். செத்தவன் தொட்டது எல்லாம் கழுவ வேண்டும் என்று யாரோ ஒருத்தி சொல்ல, பாக்கியம் எழுந்து, அதுவரைக்கும் சுவரோடு சாய்ந்து கிடந்தவள், எழுந்து அவன் துணி, தட்டு, டம்ளர், செருப்பு எல்லாவற்றையும் கழுவினாள். முடித்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்து இன்ஜின் சாமான்களையும் அண்டாவில் கொட்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். ராடு, மூடி, போல்ட், எல்லாம் வெள்ளிப் பாத்திரமாக மின்னின. துடைத்து, எண்ணெய் தடவி, பாத்திர அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். புள்ளி ஒன்றுகூட மிஞ்சவில்லை. எந்த மூடி எந்த ராடினுடையது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆளைத்தான் எரித்துவிட்டோமே. அதனால் நானே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இறுகினால் கழற்றி, மாற்றிப் போட்டு, மூன்றுக்கு ஜோடி கண்டுபிடித்துவிட்டேன். ஆக மிச்சம் இருக்கிற ராடுக்கு மிச்சம் இருக்கிற மூடி. கழித்தல் கணக்கு, சின்னப்பிள்ளை போடும். கணக்கு சரி, இன்ஜின் தப்பு என்கிறது. எப்படி.

மூடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். சுத்தியல் பட்ட இடத்தை விட்டுவிட்டு மற்றதை மற்ற மூன்றோடு வைத்துப் பார்த்தேன். இதன் இரும்பு கொஞ்சம் கறுப்பு. போல்ட் துளை ஓரத்தில் வார்ப்பு முடிச்சு ஒன்று, மற்றவற்றில் அது இல்லை. வேலு வாங்கிப் போட்டிருந்த உதிரி டப்பாவைக் கவிழ்த்தேன். அதில் வேறொரு இன்ஜினின் வளைந்த ராடு ஒன்று உண்டு, எனக்குத் தெரியும், மூடியோடு கிடந்தது, நானே பார்த்திருக்கிறேன். ராடு கிடந்தது. மூடி இல்லை. அப்படியானால் இதுதான் அதன் மூடி. என் மூடி எங்கே. டப்பாவை உதைத்தேன், அது சுவரில் மோதிக் கவிழ்ந்தது, நட்டும் போல்ட்டும் சிதறின. யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். இந்தக் கொட்டகைக்குள் நானும் அவளும் தவிர யாரும் வருவதில்லை. அவள்தான். இத்தனை வாரமாக நான் முறுக்கவும் கழற்றவும், முதுகு ஒடியவும் நகம் பிளக்கவும், உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பெற்றவளா இவள். ஆனால் இரு, இரு, எனக்கு எதற்கு அசல் மூடி. அரம் இருக்கிறது. கடிக்கிற இடத்தை ராவித் தள்ளினால் கிராங்க் சுழலும். லொடலொடக்கும், கொஞ்ச தூரத்தில் பேரிங் உருகும், வேலு தேய்த்துத் தேய்த்து முகம் தெரியவைத்த கிராங்க் கோடு கோடாகக் கீறிப்போகும், ராடு உடைந்து இன்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். வரட்டும். ஒரு மைலுக்குள் வராது. அரத்தை எடுத்தேன். மூடியைக் கால் பெருவிரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தேன், இரும்புத் தூள் ரத்தத் துணியில் ஒட்டியது. இரண்டாவது இழுப்பு வரவில்லை. கை போக மாட்டேன் என்கிறது. போ. ஒரு மைல்தானே, போ. பாக்கியம் என்று கத்தினேன், தொண்டை கிழிந்தது, பாக்கியம்.

வந்தாள். மாலை வெயில் முதுகில் விழ வாசலில் நின்றாள். நான் எழுந்துவிட்டிருந்தேன். அரம் எப்போது கீழே விழுந்தது, ரெஞ்ச் எப்போது கைக்கு வந்தது, எனக்குத் தெரியாது. முழங்கை நீள ரெஞ்ச், தூக்கிப் பிடித்திருக்கிறேன், தோளுக்கு மேலே, அவள் தலைக்கு நேரே. நான் இதுவரைக்கும் அவள் மேல் கை நீட்டியதில்லை. ஒரு வீச்சு, அவ்வளவுதான், அந்த நரைத்த வகிட்டில். அந்த ஒரு நொடி எனக்கு அது முடியும் என்று தெரிந்தது, ராஜரத்தினத்திடம் வராத வலு இவளிடம் வந்தது, இவளிடம்தான் வந்தது. அவள் ரெஞ்சைப் பார்க்கவில்லை. என் விரலில் சுற்றிய துணியைப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கையில் மூடி. அதன் வளைவெல்லாம் வெள்ளையாக அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள், துரு ஏறாமல். தினமும் அரிசி அளக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டிருக்கும்.

"தூக்கத்துல பேசறீங்க" என்றாள். "ஒரு மைல் போதும், ஒரு மைல் போதும்னு. எந்த மைலுன்னு எனக்குத் தெரியாதா?"

ரெஞ்ச் கனத்தது. இறக்கத் தெரியவில்லை.

"நானும் அந்த ஆளைத் தினமும் கொல்றேன். அடுப்புல ஊதுகுழலை வெச்சுக்கிட்டே கொல்றேன். அதுக்காக உங்களையும் தூக்கிக் குடுக்க முடியாது." குரல் உயரவே இல்லை. மூடியை லாரி டயர் மேல், இன்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒரு மைலுக்கு இது வேணாம். அந்த மூடியையே ராவிப் போட்டு ஓட்டிக்குங்க, நான் தடுக்க மாட்டேன். அதுக்கு மேல ஓடணும்னா இதைப் போடுங்க."

சொல்லிவிட்டுப் போகாமல், வேலு உட்கார்ந்து தேய்க்கிற படியிலேயே உட்கார்ந்தாள். எனக்கு அவள் மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. பெரியண்ணன் மேல்கூட அப்படி வந்ததில்லை. இந்தப் பக்கம் அரம், அந்தப் பக்கம் மூடி. ரெஞ்சை டயர் மேல் ஓங்கிப் போட்டேன், ரப்பர், துள்ளி என் கால் பக்கமே வந்து விழுந்தது. அவன் மேல் வண்டி ஏறாத நாட்களைப் பற்றி யோசித்தேன். ராஜரத்தினம் நாளைக்கும் நடப்பான். வேப்பங்குச்சியைத் துப்புவான். கிழவன் ஆவான், பேரன் எடுப்பான், என்னைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவான், நான் ங்க போட்டுப் பதில் சொல்வேன். அதை நினைத்ததும் அரத்தைத்தான் எடுத்தேன், சத்தியமாக அதைத்தான் எடுத்தேன். குனிந்தேன். கிராங்கில் என் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே அவன் நூல் போட்டுத் தேய்த்த மெல்லிய கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். அதன் மேல் அரம் பட்ட மூடியை வைக்க என்னால் முடியவில்லை. மன்னிப்பு இல்லை, மனசு மாறவில்லை, கோழிக்குப் பிரேக் போட்ட கால் மாதிரி கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். தவிட்டை ஊதினேன். பேரிங்கில் ஆயில் தடவினேன். மூடியை வைத்ததும் அது தட்டாமலேயே தானாக உட்கார்ந்தது, க்ளிக் என்று. இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். காயம்படாத கையால் கிராங்கைப் பிடித்தேன். சுழன்றது. ஒரு கையால், எண்ணெய் நழுவுகிற மாதிரி, நாலு பிஸ்டனும் ஏறி இறங்க, சத்தமே இல்லாமல் சுழன்றது. மறுபடி சுழற்றினேன். நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே சுழற்றினேன். தீர்ப்பு அன்றுகூட நான் அழவில்லை.

பாக்கியம் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்கவில்லை. அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டாள் போல.

"மதுரை வரைக்கும் ஓடுமா?" என்றாள்.

வக்கீல் சொன்ன மதுரை. பெரியண்ணன் மறுபடி கூண்டில் ஏறினாலும் ஏறலாம், ஏறினாலும் இருட்டாக இருந்தது என்றே சொல்லலாம். இரண்டு கோலம் விழுந்த சட்டை பீரோவில் இன்னும் இருக்கிறது, அதை மட்டும் அவள் கழுவவில்லை. இன்ஜினை இன்னும் தூக்கி வண்டிக்குள் வைக்க வேண்டும், ஹெட் போட வேண்டும், ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க வேண்டும், மார்கழி வந்து போய்விடும். அவனைக் கொல்ல வேண்டும் என்கிற ஆசை போகவில்லை, இதோ இந்தக் கட்டைவிரலோடு சேர்ந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

"ஓடும்" என்றேன். "போயிட்டுத் திரும்பி வரவும் ஓடும்."

அவள் எழுந்து, சிதறிக் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தாள். எதையும் கழுவிவிடாதே என்றேன்.